சிஏ 15-3 நார்மல். அப்படியானால் அக்குளைத் தொட வேண்டாமா?

சித்திக்கு வலது மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான் என்று பயாப்சி ரிப்போர்ட் வந்த மூன்றாம் நாள், அவள் மகன் எனக்கு இன்னொரு ரிப்போர்ட்டைப் போனில் அனுப்பினான். சிஏ 15-3 ரத்தப் பரிசோதனை, மார்பகப் புற்றுநோயில் பார்க்கும் ஒரு 'மார்க்கர்'. அளவு 18. பக்கத்திலேயே 'நார்மல்: 30க்குள்' என்று அச்சடித்திருந்தது. கீழே தம்பி எழுதியிருந்தான்: "அக்கா, மார்க்கர் நார்மல். அப்போ நெறிக்குப் பரவலன்னுதானே அர்த்தம்? அக்குள்ல கை வைக்க வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடலாமா?"

நெறி என்று அவன் சொன்னது அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சை, லிம்ப் நோடை. அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. சித்தி பெரம்பூரில் முப்பது வருஷமாகத் தையல் மெஷினை நம்பி வாழ்பவள். கத்தரி பிடிப்பதும் துணியைத் தள்ளுவதும் அந்த வலது கைதான். அதே தெருவில் ஒரு அம்மாவுக்குப் பல வருஷங்களுக்கு முன் மார்பை எடுத்தபோது அக்குள் நெறிகளையும் மொத்தமாக எடுத்தார்கள். அதன் பிறகு அவர் கை வீங்கிப் போய், வளையல் கூட ஏறாமல் கிடந்ததைத் தம்பி சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன்.

நான் மருத்துவர் இல்லை. சென்னையில் 22 வருஷமாக லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். சிஏ 15-3 பரிசோதனையை ஆயிரக்கணக்கான தடவை என் கையால் மெஷினில் ஏற்றியிருக்கிறேன். அதனால்தான் தம்பிக்கு உடனே 'ஆமாம்' என்று பதில் போட முடியவில்லை. அவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அந்தக் கேள்விக்கு அந்த ரிப்போர்ட் பதில் சொல்லாது, அவ்வளவுதான். அன்று ராத்திரி அவனுக்கு விளக்கிச் சொன்னதையும், அடுத்த இரண்டு வாரத்தில் ஆஸ்பத்திரியில் நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். இதே இடத்தில் நிற்கும் குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. சென்னைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடம்.

நெறிக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க நம் முன்னால் இருக்கும் வழிகள் இவை: ரத்தத்தில் மார்க்கர் பார்ப்பது, அக்குளுக்கு அல்ட்ராசவுண்டு எடுத்து ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்ப்பது, பெட் சிடி ஸ்கேன், சென்டினல் நோட் என்று சொல்லும் முதல் நெறியை மட்டும் எடுத்துப் பார்ப்பது, கடைசியாக எல்லா நெறிகளையும் எடுத்துவிடுவது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே நீளம் கிடையாது.

ரத்தம் என்ன சொல்லும்?

சிஏ 15-3 என்பது மியூசின்-1 என்ற புரதத்தின் துண்டு. புற்றுநோய் செல்கள் மட்டும்தான் இதை உண்டாக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மார்பு, நுரையீரல், குடல் என்று நல்ல நிலையில் இருக்கும் உறுப்புகளின் உள்பூச்சுச் செல்களிலும் இந்தப் புரதம் உண்டு. அதனால் யாருடைய ரத்தத்தை எடுத்தாலும் கொஞ்சம் இருக்கும். கல்லீரல் கோளாறு இருந்தால் ஏறும். சாதாரண மார்புக் கட்டிகளில், கருப்பைச் சிக்கல்களில்கூடச் சிலருக்கு ஏறும்.

இப்போது நெறியின் பக்கத்திலிருந்து பாருங்கள். அக்குள் நெறியில் புற்றுநோய்த் திட்டு 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதைப் பெரிய பரவல் என்று, திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பேத்தாலஜிக்காரர்கள் கணக்கு வைக்கிறார்கள். 0.2 முதல் 2 மில்லிமீட்டர் வரை நுண்பரவல். ஒரு கடுகைவிடப் பெரிதில்லாத திட்டு அது. அது விடும் புரதம் உடம்பில் ஓடும் சுமார் ஐந்து லிட்டர் ரத்தத்தில் கலந்த பிறகு, ஏற்கெனவே இருக்கும் அளவோடு சேர்ந்து எங்கள் மெஷினில் என்ன பெரிய வித்தியாசத்தைக் காட்டிவிடும்? ஒன்றுமே காட்டாது. ஆரம்ப நிலையில் இருக்கும் பெண்களில் பெரும்பாலானோருக்கு, நெறியில் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிஏ 15-3 நார்மலாகவே வரும். எலும்பு, கல்லீரல் என்று தூரத்துக்குப் பரவி, நோயின் மொத்த அளவு பெருகிய பிறகுதான் அது பலருக்கு ஏறத் தொடங்கும். ஆக, 18 என்ற எண் சித்தியின் அக்குளைப் பற்றி நல்லதாகவும் கெட்டதாகவும் எதுவும் சொல்லவில்லை.

கூட்டம் கூட்டமாகப் பெண்களை எடுத்துப் பார்த்தால், நெறிக்குப் பரவியவர்களின் சராசரி அளவு கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. அதைப் படித்துவிட்டுத்தான் பலர் குழம்புகிறார்கள். சராசரி கொஞ்சம் ஏறியிருப்பது ஆராய்ச்சிக்குப் பயன்படும். ஆனால் இரண்டு கூட்டத்தின் அளவுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கும்போது, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்று அந்த எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ 2007இலேயே தன் வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது: நோயைக் கண்டுபிடிக்கவோ, எந்தக் கட்டம் என்று தீர்மானிக்கவோ சிஏ 15-3 வேண்டாம். முற்றிப் பரவிய நோய்க்கு மருந்து கொடுக்கும்போது, மருந்து கேட்கிறதா என்று மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்க்கலாம். அந்த வேலைக்கு இது நல்ல கருவி.

எங்கள் லேப் பக்கத்து விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வெளியே யாரும் இதைச் சொல்வதில்லை. ஒரே ரத்தத்தை இரண்டு கம்பெனி மெஷினில் போட்டால் சிஏ 15-3 ஒரே எண்ணாக வராது. ஒவ்வொரு கம்பெனியும் பயன்படுத்தும் ஆன்டிபாடி வேறு. போன மாதம் ஒரு லேபில் 18, இந்த மாதம் வேறு லேபில் 26 என்றால் நோய் வளர்ந்துவிட்டது என்று அழ வேண்டியதில்லை. அப்புறம், முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை. சில வகை மெஷின்களில் அது பரிசோதனையின் உள்ளேயே குறுக்கிட்டு, இந்த மாதிரி மார்க்கர்களின் அளவைக் குறைத்துக் காட்டிவிடும். ரத்தம் கொடுக்கும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பயாப்சித் துண்டில் பார்க்கும் ஈஆர், பிஆர், ஹெர்-2, கேஐ-67 ஆகியவற்றையும் மார்க்கர் என்றே சொல்கிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் இவை வேறு சாதி. கட்டியின் குணத்தைச் சொல்பவை. எந்த மருந்து கொடுப்பது என்பதை முடிவு செய்பவை. இவற்றைப் பார்க்காமல் சிகிச்சையைத் தொடங்கவே கூடாது. நெறிக்குப் பரவியிருக்கும் வாய்ப்பைக் கணிக்க நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை 2007இல் ஒரு கணக்கீட்டு முறை வெளியிட்டது. அதில் வயது, கட்டியின் அளவு, இடம், வகை, கிரேடு, கட்டியைச் சுற்றி ரத்த நாளத்திலோ நிணநீர் நாளத்திலோ செல்கள் புகுந்திருக்கின்றனவா, ஈஆர், பிஆர் எல்லாம் வருகின்றன. ரத்த மார்க்கர் அதில் இல்லை. அந்தக் கணக்கும் வாய்ப்பு எவ்வளவு என்றுதான் சொல்லும்; இருக்கிறது, இல்லை என்று சொல்லாது.

அக்குள் அல்ட்ராசவுண்டும் ஊசியும்

தம்பிக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான். மார்க்கருக்குக் கொடுத்த காசை நல்ல ரேடியாலஜிஸ்ட் ஒருவர் அக்குளைப் பொறுமையாகப் பார்க்கும் அல்ட்ராசவுண்டுக்குக் கொடுத்திருக்கலாம். நல்ல நெறி அவரைக்கொட்டை மாதிரி இருக்கும். நடுவில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். மேல்பட்டை மெலிதாக இருக்கும். அந்தப் பட்டை 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தாலோ, நடுக்கொழுப்பு மறைந்து நெறி உருண்டையாகிவிட்டாலோ சந்தேகம். உடனே அந்த இடத்திலேயே ஊசி போட்டு எடுத்துப் பார்க்கலாம். ஊசியில் கேன்சர் செல் வந்துவிட்டால் கேள்வி முடிந்தது: பரவியிருக்கிறது. அதற்கப்புறம் முதலில் கீமோவா, முதலில் ஆபரேஷனா என்று பேச்சு வேறு பாதையில் போகும்.

ஊசியில் ஒன்றும் வரவில்லை என்றால் கேள்வி முடியவில்லை. ஊசி முனை எட்டாத மூலையில் திட்டு இருக்கலாம். சித்திக்கு அப்படித்தான் ஆனது. ஒரு நெறியில் பட்டை 4 மில்லிமீட்டர். ஊசியில் வெறும் எதிர்வினைச் செல்கள், கேன்சர் செல் இல்லை. தம்பி மறுபடியும் சந்தோஷப்பட்டான். இந்தத் தடவை அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் நியாயம் இருந்தது, ஆனாலும் முழு நியாயம் இல்லை.

பெட் சிடி எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

சொந்தக்காரர்களில் ஒருவர் பெட் எடுத்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தார். கட்டி பெரிதாக இருந்து, நெறிகள் கையில் தட்டுப்பட்டு, தூரத்துக்குப் போயிருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால் பெட் சிடி மிக உதவும். சித்திக்கு 2.4 சென்டிமீட்டர் கட்டி. உடம்பில் வேறு தொந்தரவு எதுவும் இல்லை. சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் இடங்களைத்தான் பெட் ஒளிரக் காட்டும். சில மில்லிமீட்டர் திட்டு அதில் தெரியாமலே போய்விடும். நம் ஊரில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. காசநோய் தாக்கிய நெறியும் பெட்டில் அதே மாதிரி ஒளிரும். சேத்துப்பட்டில் காசநோய்க்கென்றே ஆராய்ச்சி நிறுவனம் 1956 முதல் நடக்கும் ஊர் இது. எவ்வளவு பேர் உடம்பில் அந்தப் பழைய தழும்பு இருக்கும்! ஒளிர்ந்தாலும் ஊசி போட்டுப் பார்க்காமல் புற்றுநோய் என்று முடிவு கட்டக் கூடாது. ஒளிராவிட்டாலும் நெறி சுத்தம் என்று விட்டுவிடக் கூடாது. மார்க்கரைவிடப் பல மடங்கு செலவு வேறு. சித்திக்கு வேண்டாம் என்று சர்ஜனே சொல்லிவிட்டார்.

முதல் நெறியைக் கேட்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். தம்பி பயந்த ஆபரேஷனுக்கும் இதற்கும் உள்ள தூரம் அவனுக்குத் தெரியாது. எனக்கும் பாதிதான் தெரிந்திருந்தது.

மார்பிலிருந்து வடியும் நிணநீர் கண்டபடி ஓடுவதில்லை. முதலில் ஒன்றிரண்டு நெறிகளுக்குப் போய், அங்கிருந்துதான் அடுத்தவற்றுக்குப் போகும். தெருமுனை வீட்டைத் தாண்டித்தான் உள்ளே வர முடியும் என்பது போல. அந்தத் தெருமுனை நெறியில் செல் இல்லை என்றால் உள்ளே இருக்கும் நெறிகளிலும் பெரும்பாலும் இருக்காது. கபானாஸ் என்ற மருத்துவர் 1977இல் ஆண்குறிப் புற்றுநோய்க்காக இந்த யோசனையை எழுதினார். மார்ட்டன் 1992இல் தோல் கருமச்சப் புற்றுநோய்க்கு நீலச் சாயத்தை வைத்துச் செய்து காட்டினார். மார்பகத்துக்கு 1993இல் கிராக் கதிரியக்கத் திரவத்தையும், 1994இல் ஜூலியானோ நீலச் சாயத்தையும் கொண்டுவந்தார்கள்.

செய்முறை எளிது. ஆபரேஷன் மேஜையில் மயக்கம் கொடுத்த பிறகு, முலைக்காம்பைச் சுற்றி நீலச் சாயம் ஏற்றி ஐந்து நிமிஷம் போலத் தேய்த்துவிடுகிறார்கள். சாயம் நிணநீர்ப் பாதையில் ஏறி முதல் நெறிகளை நீலமாக்கிவிடும். வசதியுள்ள இடங்களில் முன்கூட்டியே டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளையும் ஏற்றி, ஒரு சின்னக் கருவியை வைத்துச் சத்தம் வரும் இடத்தைத் தேடுவார்கள். அதன் வீரியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. சாயம், கதிரியக்கம் இரண்டையும் சேர்த்துச் செய்தால் நெறி அகப்படாமல் போகும் வாய்ப்பு இன்னும் குறைகிறது. அகப்பட்ட ஒன்று, இரண்டு, மூன்று நெறிகளை மட்டும் எடுத்துப் பேத்தாலஜிக்கு அனுப்புவார்கள்.

இது சொல்லும் பதிலை எவ்வளவு நம்பலாம்? 5,600க்கு மேற்பட்ட பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பி-32 ஆய்வு இதற்கு நேரான பதில் தருகிறது. கையால் தொட்டுப் பார்த்து நெறி இல்லை என்று மருத்துவர்கள் சொன்ன பெண்கள்தான் அவர்கள் எல்லோரும். அப்படியும் சுமார் கால்வாசிப் பேருக்கு முதல் நெறியில் புற்றுநோய் இருந்தது. நெறியில் நோய் உள்ளவர்களில் 9.8 சதவீதம் பேரிடம் மட்டும் முதல் நெறி 'சுத்தம்' என்று தவறாகச் சொன்னது. பத்தில் ஒன்று தவறுகிறதே என்று நெஞ்சு பதறலாம், எனக்கும் பதறியது. ஆனால் 2010இல் வந்த முடிவில், முதல் நெறி சுத்தம் என்று அத்தோடு விட்டவர்களுக்கும் எல்லா நெறிகளையும் எடுத்தவர்களுக்கும் உயிர்வாழ்வில் வித்தியாசம் இல்லை. ஆபரேஷனுக்குப் பின் கொடுக்கும் மருந்தும் ரேடியேஷனும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன.

கைக்கு என்ன ஆகும்? தம்பியின் உண்மையான கேள்வி அதுதானே. பிரிட்டனில் நடந்த அல்மனாக் ஆய்வு 2006இல் வெளியானது. ஒரு வருஷம் கழித்து ஓரளவோ அதிகமாகவோ கை வீங்கியதாகச் சொன்னவர்கள், முதல் நெறியை மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம்; வழக்கமான அக்குள் சிகிச்சை செய்தவர்களில் 13 சதவீதம். வீக்கம் சில பேருக்கு வருஷங்கள் கழித்தும் வரும் என்பதால் இரண்டு கூட்டத்திலும் எண்ணிக்கை பிறகு ஏறலாம். ஆனாலும் ஒரு தையல்காரிக்கு இந்த இரண்டு எண்ணும் ஒன்றாகுமா?

எல்லாவற்றையும் எடுப்பதும், எதையுமே எடுக்காமல் இருப்பதும்

மொத்தமாக எடுப்பதை இன்று யாரும் சும்மா செய்வதில்லை. ஊசியிலேயே பல நெறிகளில் நோய் உறுதியானவர்கள், கீமோவுக்குப் பிறகும் நெறியில் நோய் மிஞ்சியவர்கள் என்று அதற்கான காரணங்கள் தனியாக உண்டு. நம் ஊரில் கட்டி பெரிதான பிறகு வருபவர்கள் நிறைய என்பதால் இந்த ஆபரேஷனின் தேவை இன்னும் போகவில்லை. அவர்களுக்கு இது உயிர் காக்கும் வேலை. கை வீக்கத்துக்குப் பயந்து இதை மறுக்கக் கூடாது.

முதல் நெறியில் நோய் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டுமா என்றால், அதுவும் 2011இல் மாறியது. மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுக்கும் பெண்களில், ஒன்றிரண்டு முதல் நெறிகளில் நோய் இருந்தவர்களை எடுத்துக்கொண்டது இசட்-0011 ஆய்வு. பாதிப் பேருக்கு மிச்ச நெறிகளை எடுத்தார்கள், பாதிப் பேருக்கு விட்டுவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள்: விட்டவர்களில் 86.3 சதவீதம், எடுத்தவர்களில் 83.6 சதவீதம். எடுத்ததால் கூடுதல் பலன் இல்லை. ஐரோப்பாவின் அமரோஸ் ஆய்வு மிச்ச நெறிகளை எடுப்பதற்குப் பதிலாக அக்குளுக்கு ரேடியேஷன் கொடுத்துப் பார்த்தது. ஐந்து வருஷத்தில் கை வீக்கம் 23 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைந்தது.

எதையுமே எடுக்காத வழியும் வந்துவிட்டது. 2023இல் வெளியான சவுண்ட் ஆய்வில் கட்டி 2 சென்டிமீட்டருக்குள், அக்குள் அல்ட்ராசவுண்டு சுத்தம் என்ற பெண்களில் பாதிப் பேருக்கு அக்குளைத் தொடவே இல்லை. ஐந்து வருஷத்தில் தூரப் பரவல் இல்லாமல் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் 98 சதவீதத்தை ஒட்டியே இருந்தார்கள். எடுத்துப் பார்த்த பக்கத்தில் 13.7 சதவீதம் பேருக்கு நெறியில் நோய் இருந்தது. எடுக்காத பக்கத்திலும் ஏறக்குறைய அதே அளவு ஒளிந்திருந்திருக்கும். அப்படியும் முடிவு மாறவில்லை. தம்பி ஆசைப்பட்ட வழி இதுதான். இந்த வழிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்தது கட்டியின் அளவும் நல்ல அல்ட்ராசவுண்டும்தான், ரத்த மார்க்கர் அல்ல. சித்தியின் கட்டி 2.4 சென்டிமீட்டர் என்பதால் அவளுக்கு இது பொருந்தவில்லை.

மார்க்கர் உண்மையாகவே உதவும் இடங்கள்

மார்க்கர் எல்லாமே வீண் என்று யாராவது இதிலிருந்து எடுத்துக்கொண்டால் அதுவும் தப்பு. உறுப்பைப் பொறுத்துக் கதை மாறும்.

புராஸ்டேட் புற்றுநோய்க்கு, புராஸ்டேட் சுரக்கும் புரதமான பிஎஸ்ஏவின் ரத்த அளவு நெறிக் கணிப்பில் நேராகவே வருகிறது. 1994இல் ரோச் என்பவர் கொடுத்த சூத்திரம் மனக்கணக்காகவே போடக்கூடியது: பிஎஸ்ஏவில் மூன்றில் இரண்டு பங்கு, அதோடு க்ளீசன் எண்ணிலிருந்து (பயாப்சியில் கட்டி எவ்வளவு முரடானது என்று பார்த்துக் கொடுக்கும் மதிப்பெண்) 6ஐக் கழித்துப் பத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். பிஎஸ்ஏ 15, க்ளீசன் 8 என்றால் 10 கூட்டல் 20, அதாவது 30 சதவீத வாய்ப்பு. இன்றைய நோயாளிகளுக்கு இது கூடுதலாகவே காட்டுகிறது என்பதால் பார்ட்டின், ப்ரிகாந்தி போன்றவர்களின் அட்டவணைகளைத்தான் இப்போது அதிகம் பார்க்கிறார்கள். அவற்றிலும் பிஎஸ்ஏ உண்டு. கவனித்தீர்களா, இங்கேயும் பிஎஸ்ஏ தனியாக நிற்கவில்லை. க்ளீசனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. அது போக, 2020இல் வந்த ப்ரோ-பிஎஸ்எம்ஏ ஆய்வில் புராஸ்டேட் செல்களைத் தேடி ஒளிரவைக்கும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன், பரவல் இருக்கிறதா இல்லையா என்பதை 92 சதவீதம் சரியாகச் சொன்னது. வழக்கமான ஸ்கேன்கள் 65 சதவீதம்.

இன்னும் தெளிவான உதாரணம் தைராய்டில் அபூர்வமாக வரும் மெடுல்லரி வகை. அந்தச் செல்கள் கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அதனால் ரத்த அளவு நோயின் மொத்த எடையை நேராகச் சொல்லிவிடுகிறது. 2010இல் ஜெர்மனியில் 300 பேரைப் பார்த்த ஆய்வில், கால்சிடோனின் 20 பிகோகிராமுக்குள் இருந்தவர்களுக்கு நெறிப் பரவல் இல்லை. 20, 50, 200, 500 என்று ஏற ஏற, கட்டி இருக்கும் பக்கத்துக் கழுத்து, எதிர்ப்பக்கம், மார்புக்கூட்டின் மேல்பகுதி என்று பரவல் படிப்படியாக விரிந்தது. கழுத்தில் எவ்வளவு தூரம் அறுப்பது என்பதையே சர்ஜன்கள் இதையும் வைத்து யோசிக்கிறார்கள். மார்க்கர் என்றால் இப்படி வேலை செய்ய வேண்டும். சிஏ 15-3க்கு அந்தச் சக்தி இல்லாமல் போனது, நல்ல செல்களும் அதே புரதத்தை விடுவதால்தான்.

தைராய்டில் பரவலாக வரும் பாப்பிலரி வகைக்கு தைராய்டு செல்கள் உண்டாக்கும் புரதமான தைரோகுளோபுலினின் ஆபரேஷனுக்கு முந்தைய ரத்த அளவு நெறியைப் பற்றிப் பெரிதாகச் சொல்லாது. ஆனால் சந்தேகமான கழுத்து நெறியில் போட்ட ஊசியைக் கொஞ்சம் உப்புத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரில் அதே தைரோகுளோபுலினைப் பார்த்தால் பதில் தெளிவாக வரும். கழுத்து நெறியில் அந்தப் புரதத்துக்கு என்ன வேலை? எங்கள் லேபுக்கு அந்த அலசிய தண்ணீர் வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்: மார்க்கரை எங்கே தேடுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

வாய்ப் புற்றுநோய்க்கு இந்த மாதிரி ரத்த மார்க்கர் எதுவும் கைகொடுப்பதில்லை. புகையிலையும் பாக்கும் விடாத ஊரில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே முக்கியம் கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பது. ஆரம்ப நிலை வாய்ப் புற்றுநோயில் கழுத்து நெறி தெரியாவிட்டாலும் முதலிலேயே எடுத்துவிடுவது நல்லது என்று மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015இல் காட்டியது. மூன்று வருஷ உயிர்வாழ்வு 80 சதவீதம். பிறகு தேவைப்பட்டால் எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களுக்கு 67.5. மார்பில் குறைவாக அறுப்பது நல்லது என்று நிரூபித்த அதே காலத்தில், வாயில் முன்கூட்டியே அறுப்பது நல்லது என்று நிரூபணமானது. அதனால் ஒருவருடைய அனுபவத்தை வேறு உறுப்பில் நோய் வந்தவருக்கு அறிவுரையாகச் சொல்லாதீர்கள்.

சித்தி எடுத்த முடிவு

இத்தனையையும் கேட்ட பிறகு சித்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மொதல் நெறியப் பாத்துட்டு, அதுல இருந்தா எல்லாத்தையும் எடுத்துடுவாங்களா, இல்ல என்னைக் கேப்பாங்களா?" அதையே சர்ஜனிடம் கேட்டோம். கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுக்கும் திட்டம் என்பதால், ஒன்றிரண்டில் இருந்தால் மிச்சத்தை எடுக்க வேண்டியதில்லை. மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடி பேசுவோம் என்றார். சித்தி தலையாட்டினாள். கரண்ட் வைப்பதற்கும், அதாவது ரேடியேஷனுக்கும், அவள் தயாராக இருந்தாள்.

மூன்று நெறிகள் எடுத்தார்கள். ஒன்றில் 3 மில்லிமீட்டர் திட்டு இருந்தது. மார்க்கர் 18, ஊசி சுத்தம், ஆனாலும் நோய் அங்கே இருந்தது. தம்பி அந்த ரிப்போர்ட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மிச்ச நெறிகளை எடுக்கவில்லை. ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் சிறுநீர் பச்சை நீலமாகப் போனதைப் பார்த்துவிட்டு சித்தி என்னைப் பதறிப்போய்க் கூப்பிட்டாள். அந்தச் சாயம் வெளியேறுவதுதான், ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும் என்று முன்கூட்டியே சொல்ல எனக்குத் தோன்றாமல் போயிற்று. ஆறு மாதம் ஆகிறது. கைப் பயிற்சியைத் தினமும் காலையில் செய்கிறாள். இரண்டு கையின் சுற்றளவையும் தன் தையல் டேப்பால் மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதி வைக்கிறாள். இதுவரை வித்தியாசம் இல்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இதே ஆபரேஷன் என்றால், தேதி குறிக்கும் முன் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். அக்குளுக்குத் தனியாக அல்ட்ராசவுண்டு எடுத்தாயிற்றா? சந்தேகமான நெறியில் ஊசி போட்டாயிற்றா? இங்கே சென்டினல் நோட் செய்கிறீர்களா. சாயம் மட்டுமா, கதிரியக்கமும் சேர்த்தா. இந்த சர்ஜன் வழக்கமாகச் செய்பவர்தானா? முதல் நெறியில் நோய் இருந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்? கீமோ முதலில் என்றால், நோய் உள்ள நெறியில் கிளிப் வைத்து அடையாளம் செய்வீர்களா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் இதில் எதெல்லாம் திட்டத்தில் வரும் என்று ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்தக் கவுண்டரிலேயே கேளுங்கள். போகும்போது பயாப்சி ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் எடுத்துச் செல்லுங்கள், ஈஆர், பிஆர், ஹெர்-2 இருக்கும் அந்தக் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து.